புலம்பெயர் ஊர்ச்சங்கங்களுக்கு: கனோலா விதை வேண்டாம், எள்ளுக்குக் கைகொடுங்கள்

அன்புள்ள உறவுகளே,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெரும்போக (மாரிமழைக் காலப்) நெல் வேளாண்மை வெட்டியபின், குளத்துத் தண்ணீர் எட்டாத மேட்டு வயல்கள் சும்மா கிடக்கின்றன. அதில் கனோலாவும் (கடுகுக் குடும்பத்து எண்ணெய்ப் பயிர்) ஆளியும் (ஃபிளாக்ஸ்) போடுங்கள், விதை அனுப்புகிறோம் என்கிறீர்கள். உங்கள் மனது பெரிது. ஆனால் அந்த விதை வேண்டாம்.

கனடாவில் மே மாதம் விதைக்கும் கனோலாவின் முளை இலேசான உறைபனியையும் தாங்கும்; பூக்கும்போது வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் பூ உதிர்ந்து காய் பிடிக்காது. இங்கே பெரும்போகத்துக்குப் பின் வரும் சிறுபோகம் முழுக்கப் பகலில் அந்த வெப்பம்தான். ஐரோப்பாவில் மாரிக்கு முன் விதைக்கும் இனங்களோ பல வாரக் குளிர் படாமல் பூக்கவே மாட்டா. உங்கள் ஊர் ஆளி நீண்ட பகலில் பூத்துப் பழகியது. எங்களுக்கு வருடம் முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான்.

எங்களுக்கு எள்ளு இருக்கிறது. விதையில் பாதிக்குக் கிட்ட எண்ணெய், 90 நாளில் விளைச்சல். மார்ச் கடைசியில், மண் ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். பொடி விதை என்பதால் மூன்று பங்கு காய்ந்த மணல் கலந்து, 30 சென்ரிமீற்றர் வரிசையில், 3 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் போகாமல் இட வேண்டும். மூன்றாம் வாரத்துக்குள் களை பிடுங்கி, கன்றுகளை 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும்.

நெல் வயலில் எள்ளைக் கொல்வது தண்ணீர். இரண்டு மூன்று நாள் தேங்கினாலே வேர் அழுகும். வரம்பை வெட்டி வடிச்சல் விடாதவர் சித்திரை மழை ஒன்றிலேயே பயிரை இழப்பார். பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் பூவிலை நோய். மருந்தில்லை, உடனே பிடுங்கி எரிக்க வேண்டும்.

வெட்டும் நேரத்தில்தான் பெரும் நட்டம். எல்லாக் காயும் காயட்டும் என்று பொறுத்தால் காய்கள் நுனியில் வாய்பிளக்கும். பிறகு கச்சான் எனும் வறண்ட தென்மேல் காற்று ஒரு பகல் அடித்தாலே எள்ளு நிலத்தில் கொட்டிவிடும். அடி இலை உதிர்ந்து அடிக்காய் மஞ்சளானதுமே, விடியற்காலை ஈரத்தோடு வெட்டி, சிறு கட்டுகளாகப் படங்கின்மேல் (தார்ப்பாயின்மேல்) நிமிர்த்திச் சாத்தவேண்டும். நாலைந்து நாளில் கவிழ்த்துத் தட்டி, மிச்சம் காய்ந்ததும் இன்னொருமுறை தட்ட வேண்டும். ஈரப்பதன் 8 சதவீதத்துக்குக் கீழே வராமல் சாக்கில் கட்டினால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், எண்ணெய் காறும்.

ஆகவே நாங்கள் கேட்பது கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் பொதுவில் பெரிய படங்குகள், ஒரு வரிசை விதைப்புக் கருவி, ஒரு ஈரமானி. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ‘உமா’, ‘எம்.ஐ.3’ எனும் எள்ளு இனங்களின் விதைகளை இங்கேயே வாங்கலாம். பணம் பெப்ரவரிக்குள் வந்தால்தான் மார்ச் விதைப்புக்கு உதவும்.