டிடி-02 வளைவில் ஏன் வால் ஆட்டுகிறது: சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. அங்கே எல்லோரும் சுகம் என்று தெரிந்து நிம்மதி. இங்கும் அப்படித்தான். நேரே உன் ரிமோட் கண்ட்ரோல் காருக்கு, அந்த டாமியா கம்பெனி டிடி-02-க்கு, வருகிறேன். வளைவில் அது பின்பக்கம் வழுக்கிச் சுழல்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

நீ வாங்க நினைத்து எழுதியிருக்கும் பட்டியலில் பிரஷ்லெஸ் மோட்டார் முதலிலும் நீல அலுமினியப் பாகங்கள் அடுத்தும் டயர் கடைசியிலும் இருக்கின்றன. அதை அப்படியே தலைகீழாகப் பிடி. வளைவில் சுழன்று நிற்கிற வண்டிக்கு இன்னும் வேகமான மோட்டார் போட்டால் இன்னும் சீக்கிரம் சுழலும், அவ்வளவுதான். அலுமினியம் கண்ணுக்கு அழகு. ஆனால் டாமியா டிடி-02-இல் அதனால் பலன் கிடைக்கும் இடம் ஒன்றிரண்டுதான்.

எதையும் கழற்றுமுன் ஒன்று செய். அந்தக் கிட்டின் (பாகங்களாக வந்து நாமே பூட்டும் பெட்டியின்) ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தர அளவான ஜே.ஐ.எஸ். வகை. நம் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். நுனி உள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிக்கொள். ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்று. ‘டக்’கென்று பழைய மரையில் இறங்குவது கையில் தெரியும். அப்புறம் இறுக்கு. இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டி, நாலைந்து தடவையில் பிடிமானமே போய்விடும்.

முதல் செலவு பேரிங். கிட்டில் வரும், அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களைத் தூசி அரித்துவிடும். துளை நீள்வட்டமாகும், சக்கரம் ஆடும். சக்கரம் ஆடினால் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) என்று நீ வைக்கும் அளவு எதற்கும் பொருள் இல்லை. மொத்தம் 16 வேண்டும்: 5×11×4 மி.மீ. அளவில் 12, டிஃப்பரன்ஷியலுக்கு (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி) 10×15×4 அளவில் 4. நீ ஓட்டுவது பார்க்கிங் தரை என்பதால் ரப்பர் மூடி போட்டதையே வாங்கு. உலோக மூடி கொஞ்சம் இலகுவாகச் சுற்றும், ஆனால் தூசியை உள்ளே விடும்.

அடுத்தது டயர். கிட் டயர் பார்க்க நிஜக் கார் டயர் மாதிரிதான் இருக்கும், ரப்பர் ரொம்பக் கடினம். அதை மாட்டிக்கொண்டு ஷாக் அப்சார்பரை எவ்வளவு திருகினாலும் வித்தியாசமே தெரியாது. சோரெக்ஸ் போன்ற பந்தய டயர்களில் எண் குறையக் குறைய ரப்பர் மிருது. 24, 28 குளிர்ந்த தரைக்கு. 32, 36 சூடான தாருக்கு. சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு 24 போட்டால் குழைந்துபோய் வழுக்கும், சீக்கிரமே உரிந்தும் விடும். உனக்கு 36 ஒரு செட், மாலை நேரத்துக்கு 28 ஒரு செட் போதும். ரிம்மில் ஒட்டி வருவதையே வாங்கினால் தலைவலி இல்லை. நீயே ஒட்டுவதானால் டயரின் உள் விளிம்பையும் ரிம்மின் பள்ளத்தையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடை. அச்சில் வார்க்கும்போது படியும் மெழுகு அதில் இருக்கும், அது இருந்தால் பசை பிடிக்காது. விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மெல்லிய சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக இரு பக்கமும் விடு. ஒட்டாத டயர் வேகமான வளைவில் ரிம்மை விட்டு நழுவும். அதை நீ ஷாக் கோளாறு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்குவாய்.

தரையில் மணல் படிந்திருந்தால் எந்த டயரும் பிடிக்காது. ஓட்டுமுன் ஒரு துடைப்பத்தால் வளைவுகளை மட்டுமாவது பெருக்கிவிடு. சிரிக்காதே, எந்த அலுமினியப் பாகத்தையும்விட அதற்குப் பலன் அதிகம்.

இனி ஷாக். இப்போது உன் வண்டியில் இருப்பவை ஆயில் இல்லாதவை, வெறும் பிளாஸ்டிக் குழாயும் ஸ்பிரிங்கும்தான். மேடு ஏறிய வண்டி குதித்துக்கொண்டே போவது அதனால்தான். டாமியாவின் சூப்பர் மினி சி.வி.ஏ. ஆயில் ஷாக் நேராகப் பொருந்தும். விலையும் குறைவு, எனக்கு இதற்கு மேல் அலுமினிய ஷாக் தேவையாகத் தோன்றவில்லை. பொருத்துவதில்தான் விஷயமே இருக்கிறது. தண்டைப் பிளையரால் நேரடியாகப் பிடித்து முனையைத் திருகாதே. ஒரு கீறல் விழுந்தாலும் ஓ-ரிங் கிழிந்து ஆயில் ஒழுகும். தடித்த ரப்பர் துண்டால் சுற்றிப் பிடி. ஓ-ரிங்கில் ஒரு துளி ஆயில் தடவி ஏற்று. பிஸ்டன் கீழே இருக்க, ஆயிலை விளிம்புவரை ஊற்றி, மெதுவாக மேலும் கீழும் ஐந்தாறு முறை அசைத்துப் பத்து நிமிடம் நிமிர்த்தி வை. குமிழி எல்லாம் மேலே வந்த பிறகு டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வை) வைத்து மூடு, வழியும் ஆயிலைத் துடை. மூடியபின் தண்டை முழுக்க அழுத்திவிட்டுப் பார். நான்கும் ஒரே அளவுதான் திரும்பி வெளியே வர வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் வந்தால் அதில் ஆயில் கூடுதல். அழுத்தும்போது ‘சொளக்’ என்ற சத்தம் வந்தால் காற்று உள்ளே இருக்கிறது. நான்கின் நீளத்தையும் வெர்னியரால் அள. 0.2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் முனையைத் திருகிச் சரிசெய்.

ஆயில் முன்னும் பின்னும் 400-இல் ஆரம்பி, எண் கூடினால் ஆயில் கெட்டி. பிஸ்டனில் துளை கூடினால் ஷாக் இளகும், குறைந்தால் விறைக்கும். முன்னும் பின்னும் ஒரே துளை எண்ணிக்கையில் ஆரம்பித்தால் குழப்பம் இல்லை. பின்பக்கம் அப்போதும் வழுக்கினால் பின்னால் மட்டும் 300 போட்டுப் பார்.

தரைக்கும் சேஸிக்கும் உள்ள இடைவெளி, நல்ல சிமெண்ட் தளமானால் 5.5 முதல் 6 மி.மீ. போதும். உன் பார்க்கிங்கில் 7-க்குக் கீழே போகாதே, அடி உரசும் நொடியில் சக்கரங்கள் பிடியை விட்டுவிடும். ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் கிளிப் வளையத்தை மாற்றி உயரத்தைச் சரிசெய்யலாம். பேட்டரியும் பாடியும் மாட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். வண்டியை இரண்டு முறை கையால் அமுக்கிவிட்டு, அது தானாக உட்காரும் நிலையில் அள.

நீ கேட்ட முக்கியமான கேள்வி: ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வளைவை விட்டு வெளியே வரும்போது ஏன் பின்பக்கம் தூக்கியடிக்கிறது? பெரும்பாலும் டிஃப்பரன்ஷியல்தான். கிட்டில் முன்னும் பின்னும் ஒரே கிரீஸ், ஒரே இளக்கம். முன்னால் உள்ள டிஃப்பை விறைப்பாகவும் பின்னால் உள்ளதை இளக்கமாகவும் வைத்தால் வளைவு முடியும்போது முன் சக்கரங்கள் வண்டியை இழுத்துச் செல்லும், பின்பக்கம் பின்தொடரும். டாமியாவின் ஆன்டி-வேர் கிரீஸ் மிகக் கெட்டியானது. முன் டிஃப்பின் சாய்வுப் பற்சக்கரங்கள் மறையுமளவு அதை நிரப்பு. பின்னால் சாதாரண கிரீஸே இருக்கட்டும். இவற்றை ஆயில் டிஃப் என்று நினைத்துத் திரவ ஆயிலை ஊற்றிவிடாதே. அந்த டிஃப்பின் உறை இறுக்கமாக மூடுவதில்லை, ஒரு ஓட்டத்தில் ஒழுகித் தீர்ந்துவிடும். ஆயிலே வேண்டுமென்றால் சீல் வைத்த டிஃப்பைத் தனியாக வாங்க வேண்டும். அதில் பின்னால் 3000 முதல் 5000 சி.எஸ்.டி. (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) நல்ல ஆரம்பம்.

முன் டிஃப்பை அளவுக்கு மீறி விறைத்தால் வளைவின் நடுவில் வண்டி திரும்பாமல் வெளியே தள்ளும். சேஸியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முன் சக்கரத்தைச் சுற்று. எதிர்ச் சக்கரம் எதிர்த்திசையில் தயக்கத்தோடு சுற்ற வேண்டும், அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இன்னொன்று. டிடி-02-இல் மோட்டார் நீளவாக்கில் கிடக்கிறது, நடுத்தண்டு வழியே சக்தி போகிறது. அதனால் சட்டென்று அழுத்தினால் மோட்டாரின் முறுக்கு சேஸியை ஒரு பக்கம் சாய்க்கும். இடது வளைவுக்கும் வலது வளைவுக்கும் வண்டி கொஞ்சம் வேறு மாதிரி நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெல்ட் வண்டிகளில் மோட்டார் குறுக்காக இருப்பதால் இந்தக் குணம் கிடையாது. இதை முழுக்கப் போக்க முடியாது, விரலை மெதுவாக அழுத்திக் குறைத்துக்கொள்ளத்தான் முடியும். ஆனால் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மோட்டார்மேல் பழி போடாதே. சேஸி முறுகியிருக்கலாம், ஒரு பக்க ஷாக் மட்டும் இறுகியிருக்கலாம். கண்ணாடி மேல் வண்டியை வைத்து, முன்பக்கத்தின் நடுவில் ஒரு கத்தி முனையை வைத்துத் தூக்கு. இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் தரையை விட வேண்டும்.

அலுமினியத்துக்குக் காசு போடத்தான் வேண்டுமென்றால் ஸ்டீயரிங் இணைப்பில் போடு. கிட்டில் உள்ளது பிளாஸ்டிக் தூணின் மேல் ஆடுகிறது. வண்டியை நிறுத்தி முன் சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார், எவ்வளவு ஆட்டம் என்று தெரியும். அலுமினிய ஸ்டீயரிங் செட் பேரிங்கின் மேல் ஓடும். கூடவே ஹை-டார்க் சர்வோ சேவரும் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரை இடியிலிருந்து காக்கும் பாகம்) வாங்கு, கிட்டில் வரும் சேவர் மிருதுவாகி நெளியும். வாங்குமுன் சர்வோ அச்சின் பல்லை எண்ணு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஃபுடாபா, சாவோக்ஸ் 25, ஹைடெக் 24, சான்வா 23. தவறான ஹார்னை (அந்தப் பல்லில் மாட்டும் கையை) அமுக்கி மாட்டினால் பல் தேய்ந்து ஓட்டத்தின் நடுவில் ஸ்டீயரிங் போய்விடும்.

கேம்பரை மாற்ற, சக்கரத்தைப் பிடிக்கும் கிட்டின் மேல் கைகள் நீளம் மாறாத பிளாஸ்டிக் என்பதால் அட்ஜஸ்டபிள் மேல் கை செட் தேவை. அதில் வரும் டர்ன்பக்கிளின் (திருகி நீளம் மாற்றும் தண்டின்) இரு முனையிலும் எதிர் எதிர் மரை இருக்கும். நான்கையும் ஒரே திசை பார்த்து மாட்டு, இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் திருகுவது என்று யோசிக்க வேண்டும். முன்னால் 1.5 டிகிரி, பின்னால் 2 டிகிரி நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து) வைத்து ஆரம்பி. பின் டோ-இன் (சக்கரங்களின் முன் ஓரம் உள்நோக்கித் திரும்புவது) 2 முதல் 3 டிகிரி. அது கூடினால் பின்பக்கம் அடங்கும், நேர்பாதையில் வேகம் கொஞ்சம் குறையும்.

மோட்டாரைப் பற்றி ஒரே வரி: 70 பல் ஸ்பர் (பெரிய பற்சக்கரம்), 22 பல் பினியனோடு (மோட்டாரில் உள்ள சின்னது) வருகிற 8.27 மொத்த விகிதம் உன் பார்க்கிங்குக்கு இப்போதைக்குத் தாராளம்.

இத்தனையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்யாதே. பேரிங், டயர், ஷாக், டிஃப் என்று ஒவ்வொன்றாகச் செய்து, நடுவில் ஒரு பேட்டரி முழுக்க ஓட்டிப் பார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உனக்கும் தெரியாது, கேட்கிற எனக்கும் தெரியாது. அடுத்த கடிதத்தில் பின் டயர்கள் உள் ஓரத்தில் தேய்கின்றனவா வெளி ஓரத்திலா என்று எழுது. கேம்பரை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
ரவி

பி.கு.: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போடுவதானால் உன் இ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) லிப்போ கட்-ஆஃப் (வோல்ட் ரொம்பக் குறைந்தால் நிறுத்தும் வசதி) இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் பேலன்ஸ் பிளக்கில் மாட்டும் சின்ன அலாரம் ஒன்று வாங்கி, செல்லுக்கு 3.3 வோல்ட்டில் கத்தும்படி வை. ஒரு வாரம் ஓட்டாமல் இருப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடு, முழுச் சார்ஜில் தூங்கவிட்டால் பேட்டரி உப்பிவிடும்.