கடல் இல்லாத மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் கடலைக் காட்ட அனுமதி தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளியின் ஒருநாள் பயண விண்ணப்பம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய கிராமத்துத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. கடல் நட்சத்திரத்தை நேரில் காட்ட, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போகக் கேட்டிருந்தோம். வண்டி பேசியாயிற்று, பெற்றோர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை அனுமதி இல்லை என்று தகவல் வந்தது.

சின்னப் பிள்ளைகள், கடல் ஆபத்து என்றீர்கள். சரி, அது நியாயமான கவலை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. "இந்த ஊர்ல கடலே இல்லையே, கடல் நட்சத்திரத்தைப் பத்தித் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? வேணும்னா ஸ்மார்ட் போர்டுல வீடியோ போட்டுக் காட்டுங்க" என்றும் சொன்னீர்கள். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

வீடியோ காட்டாமல் இல்லை. காட்டினோம். காட்டிவிட்டு, கடல் நட்சத்திரத்தை வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மேல்பக்கத்தில் இரண்டு கண்ணும் சிரிக்கிற வாயும் போட்டிருந்தார்கள். கார்ட்டூனில் அப்படித்தானே வருகிறது. உண்மையில் அதன் வாய் உடலின் அடிப்பக்கத்து நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னப் புள்ளி, அதுதான் கண். மூளை கிடையாது, இரத்தமும் கிடையாது. கடல் நீரையே உள்ளே இழுத்துக் குழாய்களில் ஓடவிட்டு, அந்த அழுத்தத்தால் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை நீட்டி நகர்கிறது. பல வகைகள் சிப்பியின் ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து, தம் இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே விட்டுச் செரித்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "வயித்த வெளிய உட்டுட்டு மறந்துடாதா டீச்சர்?" என்று கேட்டான். இன்னொருத்தி, "கை அறுந்தா வலிக்குமா?" என்றாள். அறுந்த கை திரும்ப வளரும் என்று சொன்னபோது வகுப்பே அடங்கிப்போனது. ஒன்பது வயதில் இப்படிக் கேட்கிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்கள்.

வீடியோக்களில் கடல் நட்சத்திரம் விறுவிறுவென்று ஓடும். பார்ப்பவர்களுக்குச் சலிக்கக் கூடாது என்று பல படங்களில் வேகத்தைக் கூட்டி வைக்கிறார்கள். அப்புறம் அதில் வருவதெல்லாம் வேறு ஏதோ கடலின் பாறையில் ஒட்டியிருக்கும் சிவப்பு, ஊதா நிற வகைகள். நம் கரையில் வலையோடு வருகிற மணல் நட்சத்திரம் மணலுக்குள் புதைந்து வாழ்வது. அதன் குழாய்க் கால்கள் கூராக இருக்கும். பாறையில் ஒட்டிக்கொள்ள அல்ல, மணலைத் தோண்டுவதற்கு. மாமல்லபுரத்தில் மீனவர்கள் வலை உதறும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், ஸ்மார்ட் போர்டில் தெரியாத நம் கடலைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்காவே இருக்கிறது. அங்கே கூட்டிப்போக நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாளில் போய்த் திரும்புகிற கரையைத்தான் கேட்டோம்.

உங்கள் தகவல் வந்த பிறகு நடந்தது எந்தக் கோப்பிலும் இருக்காது, அதனால் இங்கே எழுதுகிறேன். வண்டிச் செலவுக்காகப் பெற்றோரிடம் வாங்கிய பணத்தை மறுநாள் நானே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள், மற்றவர்கள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். வாரக் கூலியில் பத்தும் இருபதுமாக எடுத்து வைத்துக் கொடுத்த பணம் அது. சில நோட்டுகளில் பீடித்தூள் வாசனை அப்படியே இருந்தது. பெயர் கூப்பிட்டுக் கொடுக்கக் கொடுக்க, ஒரு பெண் மட்டும் கையை நீட்டவே இல்லை. "நீங்களே வெச்சிக்கங்க டீச்சர், அடுத்த வருசம் போலாம்" என்றாள். அவள் ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருடம் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். சாயங்காலம் அவளுடைய அம்மா வாசலில் நின்று, "இன்னா டீச்சர், எங்க புள்ளைங்கன்னா மட்டும் இப்படி ஆவுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கடலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்கிறீர்கள். எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருப்பது பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று வந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும், 2021 நவம்பரில் அது எப்படி வந்தது என்று நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு வெள்ளத்தில் இந்தக் கரையில் கொட்டிய பிளாஸ்டிக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவும் வேறு எங்கே போகும்? கடல் நட்சத்திரம் மூச்சு விடுவது மெல்லிய தோல் வழியாகவும் குழாய்க் கால்கள் வழியாகவும்தான். கழிவு கலந்த தண்ணீரிலும் அது அப்படித்தான் மூச்சு விட்டாக வேண்டும். அந்த உயிரைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஆற்றில் குப்பை போடுவதற்கு முன் யோசிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1960-களில் ராபர்ட் பெயின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், பாறைப் பகுதி ஒன்றிலிருந்து கடல் நட்சத்திரங்களை மட்டும் அகற்றிக்கொண்டே இருந்தார். சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன. அங்கிருந்த 15 வகை உயிர்கள் 8 ஆகக் குறைந்தன. ஓர் உயிரை எடுத்தால் மற்றவை என்னவாகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆபத்து என்று சொன்னதற்கு வருகிறேன். மாமல்லபுரத்துக் கடல் எப்படிப்பட்டது என்று எங்களுக்கும் தெரியும். எந்தப் பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்காது என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். அப்பாக்கள் சிலர் கூட வருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும் எதையும் கையில் எடுப்பதில்லை, கடைகளில் காய வைத்து விற்கும் கடல் நட்சத்திரத்தை வாங்குவதில்லை என்று பிள்ளைகளே எழுதி வகுப்பில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டுமோ சொல்லுங்கள், செய்கிறோம். கடலைக் காட்ட அனுமதி மட்டும் தாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் எந்தக் கற்றல் நிலை, செயலியில் எத்தனை படம் ஏற்றினீர்கள் என்று நாளெல்லாம் கேட்கிறீர்கள். ஏற்றுகிறோம். சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் நின்றும் ஏற்றுகிறோம். இந்தப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வசதியான பள்ளிப் பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் போய் வருகிறார்கள், அங்கே யாரும் உங்கள் ஊரில் கடல் உண்டா என்று கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகளிடம் மட்டும் ஏன்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பணம் கேட்கவில்லை. வண்டிச் செலவைப் பெற்றோரும் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் நின்றுவிடும். அப்புறம் தேர்வு, விடுமுறை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். அதனால் பிப்ரவரி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமைக்கு எழுத்தில் அனுமதி தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தாலும் அதையும் காரணத்தோடு எழுத்திலேயே தாருங்கள். அந்த அம்மாவிடம் நான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை,
வேலூர் மாவட்டம்