பம்பில் காற்று இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது ஓ-ரிங்

நீச்சல் குளம் பராமரிக்கும் உறுப்பினர்கள் கவனத்துக்கு.

பம்ப் ஓடும்போது வடிகூடை (பம்புக்கு முன் குப்பையைப் பிடிக்கும் கூடை) மூடிக்குள் குமிழி தெரிகிறதா, குளத்துக்குத் திரும்பும் தண்ணீரில் காற்று வருகிறதா? பெரும்பாலும் மூடியைக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் காரணம். உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் "கசிவே இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். பம்ப் ஓடும்போதே மூடியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி குறைந்தால் இடம் அதுதான்.

திறப்பதற்கு முன் மின்சாரத்தை மெயினில் அணைத்து, ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து, பிரஷர் கேஜ் பூஜ்யத்துக்கு வரட்டும். குளத்து மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால் வால்வுகளையும் மூடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் பாயும்.

ரிங்கைக் கழற்றித் துடைத்து, விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, உருண்டையாக இல்லாமல் தட்டையாகியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ரிங் உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள், ஒரு மணல் துகள் போதும், காற்று புகுந்துவிடும்.

சிலிக்கான் கிரீஸ் மினுக்கம் வருமளவு மட்டும் தடவவும். வாஸ்லின் வேண்டாம்: பல ஓ-ரிங்குகள் செய்யப்படும் இபிடிஎம் ரப்பர் அதில் ஊதிப் பெருத்து, பள்ளத்தில் உட்காராது. ரிங்கே சிலிக்கான் ரப்பராக இருந்தால் சிலிக்கான் கிரீஸும் ஆகாது.

மூடியைக் கையால் மட்டும் இறுக்குங்கள். பைப் ரெஞ்ச் போட்டால் மூடிதான் விரிசல் விடும், கசிவு நிற்காது.

வடிகூடையில் குளோரின் மாத்திரை போடும் பழக்கத்தையும் விடுங்கள். பம்ப் நின்றபின் அங்கே தேங்கும் செறிந்த குளோரின் ரிங்கை அரித்துவிடும்.

புது ரிங் வாங்கும்போது பம்ப் மாடல் எண்ணைக் கடையில் சொல்லுங்கள். விட்டம் சரியாக இருந்தும் தடிமன் மாறினால் பயனில்லை.