குறுக்கெழுத்துக்கு விடையோடு விளக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குறுக்கெழுத்துப் பகுதியை ஆர்வத்தோடு தொடங்கிப் பாதியிலேயே மடித்து வைத்துவிடும் வாசகர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. தமக்குச் சொல்வளம் போதாது என்பதே அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம். சொல்வளம் வேண்டியதுதான், ஆனால் அதைவிட அதிகமாகக் கைகொடுப்பது பள்ளியில் படித்து மறந்த எழுத்திலக்கணம் என்பது என் கருத்து.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரில் 26 ஆங்கில எழுத்துகளுக்குள்தான் விளையாட்டு. நமக்கோ உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒரு கட்டம் என்பதால், 247 எழுத்துகளில் எதைப் போடுவது என்ற மலைப்பு புதியவர்களுக்கு ஏற்படுகிறது. உண்மையில் ஒரு கட்டத்தில் நிற்கக்கூடிய எழுத்துகள் மிகச் சிலவே. புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே நெடுக்குச் சொல் தொடங்கும் கட்டத்தில் குறுக்குச் சொல்லின் ஒற்று வந்து விழுந்தால், இரண்டில் ஒன்று தவறு என்று அங்கேயே நின்றுவிடலாம். ‘ராகம்’, ‘லட்டு’ போன்ற வந்தேறிச் சொற்களை விட்டுவிட்டால், ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லுக்கு முதலாவதில்லை. ‘ங்’ கிடைத்துவிட்டால், ‘அங்ஙனம்’ போன்ற ஓரிரு சொற்கள் தவிர, அடுத்தது க வரிசைதான். ‘ந்’ கிடைத்தால் ஏறக்குறைய எப்போதும் த வரிசை. கடைசிக் கட்டத்தில் புள்ளி எழுத்து என்று தெரிந்தால், க், ச், ட், த், ப், ற் ஆறையும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, குறிப்பைப் படிக்கும் முறை. ‘தலையில்லை’, ‘கடை இழந்தது’, ‘குழம்பியது’, ‘திரும்பியது’ என்ற சொற்கள் பொருளைச் சொல்வதற்காக அல்ல, எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்காக வருகின்றன. ‘குறுவைக்கு அடுத்த போகம் நடுவை இழந்தால் முகத்தில் வளரும்’ என்று இரண்டு கட்டத்துக்கு ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். தாளடி தெரிந்த டெல்டாக்காரர், அதில் ‘ள’வை எடுத்துவிட்டுத் ‘தாடி’ என்று எழுதிவிட்டுப் போவார். ‘முகத்தில் உள்ளதும் நடக்க உதவுவதும் சேர்ந்தால் வயலுக்குத் தண்ணீர்’ என்றால், வாயையும் காலையும் கண்டுபிடித்த பிறகும் பலர் திணறுவார்கள். ஐந்து கட்டத்துக்கு நான்கு எழுத்துதான் தேறும். நடுவில் மிகும் ‘க்’கை மறந்ததே காரணம். கட்டங்களுக்கு ஓர் எழுத்து குறைந்தால், முதலில் சந்தியில் மிகும் ஒற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவை ஒன்றும் மேற்கிலிருந்து வந்த வித்தைகள் அல்ல. ஒவ்வோர் எழுத்தாக நீக்க நீக்கப் புதுச்சொல் பிறக்கும் அக்கரச்சுதகத்தையும், ஒவ்வொன்றாகக் கூட்டும் எழுத்து வருத்தனத்தையும், திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றையும் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் சித்திரகவியின் வகைகளாக வகுத்திருக்கிறது. சீர்காழியில் பிறந்த சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியிலோ, எதுகையை வைத்துச் சொற்களைத் திரட்டிய தொடையகராதி என்றே ஒரு பகுதி உண்டு. இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து முதலெழுத்துக்காகத் தவிப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான துணை எது?

இத்தனையும் இருந்தும் புதியவர்கள் தேறாமல் போவதற்குக் காரணம், மறுநாள் வெளியாகும் விடை வெறும் விடையாகவே நின்றுவிடுவதுதான். தெரியாமல் விட்ட குறிப்புக்கு விடையைப் பார்த்த பிறகும், அது எப்படி வந்தது என்று விளங்காவிட்டால் அடுத்த புதிருக்கு அதனால் பயனில்லை. எனவே, விடைக் கட்டத்தின் கீழே கடினமான மூன்று நான்கு குறிப்புகளுக்காவது ஒரு வரி விளக்கம் அச்சிட வேண்டுகிறேன். கூடவே, திரைப்பட நடிகர்களின் பெயர்களை விடையாக வைப்பதைக் குறைத்துக்கொண்டால் நல்லது. தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் எவ்வளவு யோசித்தாலும் எழுத முடியாது. வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் எழுத வேண்டிய சொற்களைத் தனித் தலைப்பின்கீழ்த் தருவது சில நாள்களில் விடுபட்டுப்போகிறது. அதையும் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாளிதழ் வாசகர்,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்