அரையாண்டு லீவுக்கு அந்தப் பாலைவனம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதையில் காரோட்டிப் போவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்பலாம் என்று முடித்திருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே உச்சக் கோடை. 1960 ஜனவரி 2ஆம் தேதி ஊட்னடாட்டா ஊரில் 50.7 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது.

நான் 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மகள் அடிலெய்டில் இருக்கிறாள். போன மே மாதம் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை இதே பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். மர்ரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர், அத்தனையும் மண் ரோடு. நடுவில் பெட்ரோல் கிடைப்பது வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா இரண்டே இடத்தில். ஒன்றைவிட்டால் அடுத்ததற்கு 200 கிலோமீட்டர் போக வேண்டும்.

வாடகைக் கார் வாசலுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது ஸ்டெப்னியை. ஒல்லியான தற்காலிகச் சக்கரம். கல் ரோட்டில் அது தாங்காது. மகள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாள். தார் போடாத ரோட்டில் ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று அதில் இருந்தது. அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மண் ரோட்டுக்கு அனுமதியுள்ள ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை முழு அளவு ஸ்டெப்னி இரண்டோடு எடுத்தோம். செலவு கூடத்தான். 20 லிட்டர் கேன் மூன்றில் தண்ணீர் ஏற்றினோம். ஒரே பெரிய கேனாக இருந்து அது ஓட்டையானால் கதை முடிந்தது. வழியில் பெரும்பாலும் செல்போன் எடுக்காது என்பதால், அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் பணியாளருக்குத் தகவல் போகும் அவசரக் கருவி ஒன்றையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

மர்ரீ தாண்டி நூறு கிலோமீட்டர் போயிருப்போம். கூரான கல் ஒன்று பின்பக்க டயரின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. ஜாக்கி வைத்துத் திருகினால் வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. மகள் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பலகைத் துண்டு ஒன்றைப் பழைய பழக்கத்தில் டிக்கியில் போட்டிருந்தேன். அதை ஜாக்கிக்கு அடியில் கொடுத்த பிறகுதான் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. முக்கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் வந்தது ஒரே ஒரு வண்டி. அதிலிருந்த வயதான தம்பதி நிறுத்தி இறங்கி, முதலில் கேட்டது டயரைப் பற்றி இல்லை. "தண்ணீர் இருக்கிறதா?" என்றார்கள்.

அந்தப் பாதையே தண்ணீரைப் பார்த்துப் போட்டதுதான். 1980 வரை அந்த வழியே ஓடிய 'கான்' என்ற பழைய ரயில், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஊற்றுகளை ஒட்டியே போனது.

1998 டிசம்பரில், வில்லியம் கிரீக்கிலிருந்து 'ஏர்' (Eyre) என்ற உப்பு ஏரிக்குப் போகும் கிளைப் பாதையில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு ஜோடியின் வண்டி மணலில் புதைந்துவிட்டது. உதவி தேடி அந்தப் பெண் நடக்கத் தொடங்கினார். வழியிலேயே உயிர் போனது. வண்டியோடு இருந்தவர் பிழைத்துக்கொண்டார். அதற்கு முன்பு 1963 டிசம்பர் கடைசியில், பக்கத்து பேர்ட்ஸ்வில் பாதையில் கார் நின்றுபோய், அதை விட்டு நடந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் இறந்தார்கள். இரண்டும் டிசம்பர். இரண்டிலும் இறந்தவர்கள் வண்டியை விட்டு நடந்தவர்கள். மேலேயிருந்து தேடுகிறவர்கள் கண்ணுக்கு நடந்து போகிற ஆள் எளிதில் தெரியமாட்டார், வண்டி தெரியும். அதன் நிழலும் கிடைக்கும். வண்டியை விட்டு நகராதீர்கள் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, மழை பெய்தால் அந்த ரோட்டை மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் ஓட்டினால் அபராதம். கிளம்பும் அன்று காலையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கே போகிறோம், எப்போது சேருவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அவருக்கு மறக்காமல் போன் செய்ய வேண்டும்.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் மே மாதத்தில் அங்கே வெயில் இதமாக இருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு டிசம்பருக்கு டிக்கெட் விலை பார்க்கிறது. அவர்களிடம் நான் நேரில் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்கு, வரும் ஞாயிறு இணைப்பிலேயே மாதத்தைத் திருத்தி ஒரு குறிப்பு போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
திண்டுக்கல்