மூன்றாம் இடத்தில் குவார்ட்டர்பேக் வேண்டாம்

ஃப்ளஷிங், நியூயார்க்
28 ஜனவரி 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய நாலு வரியைப் படித்தேன். நம் பேஸ்பால் அணி மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்தது பைத்தியக்காரத்தனம் என்கிறாய். கல்லூரிப் பிள்ளைகளை அணிகள், அதிகம் தோற்ற அணியிலிருந்து வரிசையாக, தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் நிற்கிறது நம் ஃபுட்பால் அணி ஜயண்ட்ஸ்; அது யோசிக்காமல் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற, ஷெடூர் சாண்டர்ஸை எடுத்துவிட வேண்டும் என்கிறாய். இரண்டுமே தலைகீழ். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழில் எழுதினால் இன்னொரு சௌகரியமும் உண்டு. நீ எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாக வேண்டும், குறுக்கே பேச முடியாது.

அதற்கு முன்னால், லாஸ் ஏஞ்சலஸில் புகை குறைந்துவிட்டதா? சாம்பல் படிந்த ஜன்னலைத் துடைக்கும்போது மாஸ்க் போட்டுக்கொள். இங்கே டிவியில் அந்தத் தீயைப் பார்த்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை. உங்கள் ஃபுட்பால் அணி ராம்ஸின் ஆட்டத்தையே அரிசோனாவுக்கு மாற்றினார்கள் என்றால் உங்கள் ஊர் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது.

சரி, சோட்டோவுக்கு வருகிறேன். 15 வருஷத்துக்கு 765 மில்லியன் என்று கேட்டால் யாருக்கும் மயக்கம்தான் வரும். ஆனால் என்ன வாங்கினார்கள் என்று பார். வயது 26. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியில் 19 வயதில் இறங்கி, 2019-ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த பிள்ளை. 2022-ல் நேஷனல்ஸ் 440 மில்லியன் நீட்டியபோது வேண்டாம் என்றான். பேராசை பிடித்தவன் என்று உன் அப்பாவே அப்போது சொன்னார். போன சீசனில் நம் ஊரின் இன்னொரு அணியான யாங்கீஸுக்கு 41 ஹோம் ரன் அடித்தான். அது எனக்குப் பெரிதில்லை. 129 வாக் வாங்கினான், அதாவது நாலு தப்பான பந்தை அடிக்காமல் விட்டுவிட்டு சும்மா பேஸுக்கு நடந்தான்; 119 முறைதான் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக் அவுட் ஆனான். இந்தக் காலத்தில் ஸ்ட்ரைக் அவுட்டைவிட வாக் அதிகம் வைத்திருக்கிற பேட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவன் பந்தை விடுகிற அழகைக் கவனித்திருக்கிறாயா? பந்து சரியாக வர வேண்டிய எல்லையான ஸ்ட்ரைக் ஸோனுக்கு அரை அங்குலம் வெளியே போகிற பந்தை கேட்சர் கையுறைக்குள் விழும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். அப்புறம் காலை அகட்டி ஒரு குந்து குந்தி, மண்ணைத் தேய்த்து, பிட்சரை ஒரு முறை முறைப்பான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள் நான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை டிராவிட் விடுகிற மாதிரி விட்டுவிட்டு, கூடவே பௌலரை வம்புக்கும் இழுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் சோட்டோ. அக்டோபரில் கிளீவ்லாந்துக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் பந்துக்கு மேல் பந்தாக ஃபவுல் அடித்துத் தள்ளி, தனக்கு வேண்டிய பந்து வந்ததும் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தானே, அது கண்ணாலும் பொறுமையாலும் வந்த அடி. கை வேகம் முப்பது தாண்டினால் குறையும், கண் அவ்வளவு சீக்கிரம் போகாது. கடைசி மூன்று நாலு வருஷம் நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த நஷ்டம் மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹன் பாடு. என் பென்ஷனிலிருந்தா கொடுக்கிறார்?

உங்கள் ஊர்க்காரர்கள் கொடுப்பதைப் பற்றி நீ ஏன் வாயே திறப்பதில்லை? உங்கள் பேஸ்பால் அணி டாட்ஜர்ஸ் ஒடானிக்கு 700 மில்லியன் என்றார்கள். அதில் 680 மில்லியனை 2034 முதல் 2043 வரை கொடுப்பார்களாம், ஆடுகிற வருஷங்களில் இரண்டு இரண்டு மில்லியன்தான். ப்ளேக் ஸ்னெல்லுக்கு 182 மில்லியன், அதிலும் ஒரு பங்கு பின்னால்தான். எப்போதோ ஆட்டத்தை விட்ட பாபி போனியாவுக்கு மெட்ஸ் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் 12 லட்சம் டாலர் அழுகிறது என்று இந்த நாடே இருபது வருஷமாகக் கேலி செய்கிறது. அதையே டாட்ஜர்ஸ் செய்தால் சாமர்த்தியம்! சோட்டோவுக்கு ஒரு டாலர்கூடத் தள்ளிப் போடவில்லை, தெரிந்துகொள்.

ஜப்பான் பிட்சர் சசாக்கி உங்களிடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. 25 வயதுக்குள் ஜப்பானிலிருந்து வந்தால் பெரிய ஒப்பந்தம் கிடையாது என்பது விதி. அதனால் ஆறரை மில்லியனுக்கு வந்துவிட்டான். 20 வயதில், ஒருவரையும் பேஸ் ஏற விடாத பெர்ஃபெக்ட் கேம் போட்டு அதில் 19 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவனுக்கு அது சில்லறை. காசு பேசாத இடத்தில் கோஹனால் என்ன செய்ய முடியும்?

என் கவலையெல்லாம் ஒப்பந்தம் முடிந்து இன்னும் கையெழுத்துப் போடாமல் நிற்கிற நம் பீட் அலோன்ஸோதான். சனிக்கிழமை சிட்டி ஃபீல்டில் ரசிகர்களுக்கு விழா வைத்திருந்தார்கள். 7-ம் நம்பர் ரயிலில் ஏறி அப்பாவும் நானும் போனோம். அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏறும்போதெல்லாம் முனகல். மேடையில் கோஹனும், மெட்ஸுக்கு ஆள் எடுக்கிற பொறுப்பிலுள்ள ஸ்டெர்ன்ஸும் உட்கார்ந்ததும் கூட்டம் "வீ வாண்ட் பீட்" என்று ஆரம்பித்தது. எனக்கு முன்னால் ஒரு பொடியன், அவன் முட்டி வரை தொங்குகிற 20-ம் நம்பர் ஜெர்சியில், தொண்டை கிழியக் கத்தினான். கோஹன் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்துவிட்டார். இந்தப் பேச்சுவார்த்தையில் களைத்துப் போய்விட்டாராம், சோட்டோவோடு பேசியதைவிட இது மோசமாம். முதலாளி இப்படி வெளிப்படையாகப் பேசினால் இரண்டில் ஒன்று: கை கழுவப் போகிறார், இல்லை பேரம் முடியப் போகிறது. நான் இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

30 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்க யாரும் வரவில்லை என்பது உண்மை. ஸ்டெர்ன்ஸ் கணக்குப் பார்க்கிறவர், அவர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 226 ஹோம் ரன் மெட்ஸ் சட்டையில் அடித்தவன் அவன். மெட்ஸில் யாரையும்விட அதிகமாக டாரில் ஸ்ட்ராபெரி அடித்த 252 எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. சோட்டோ வாக் வாங்கி பேஸில் நிற்பான், சரி, பின்னால் அடிக்க ஆள் வேண்டாமா? மில்வாக்கியில் ஒன்பதாவது இன்னிங்ஸில் சீசனே முடிந்தது என்று நாம் எல்லாரும் எழுந்துவிட்டபோது டெவின் வில்லியம்ஸின் பந்தை வலது பக்கச் சுவருக்கு மேலே அனுப்பியது யார்? இரண்டு மூன்று வருஷத்துக்கு நல்ல காசாகக் கொடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். தெரிந்த கை, தெரிந்த ஊர், தெரிந்த கூட்டம்.

அந்த வில்லியம்ஸை இப்போது யாங்கீஸ் வாங்கிவிட்டார்கள். மேக்ஸ் ஃபிரீடுக்கு எட்டு வருஷம் 218 மில்லியன், பெலிஞ்சர், கோல்ட்ஷ்மிட் என்று சோட்டோ போன கோபத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். நல்ல சரக்குதான், பொய் சொல்ல மாட்டேன்.

பேஸ்பால் போதும், இப்போது ஜயண்ட்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் ஆட்டத்தைப் பார்த்தாயா? நம்மிடம் இருந்த சாக்வான் பார்க்லி கையில் முதல் முறை பந்து வந்ததுமே 60 யார்டு ஓடி டச்டவுன். 55-23. வயிறு எரிகிறது. ஃபிலடெல்பியாவுக்கு அவன் போனால் எனக்குத் தூக்கம் வராது என்று டிவி கேமரா முன்னாலேயே புலம்பினார் நம் முதலாளி ஜான் மாரா. போக விட்டார்கள், அங்கே போய் 2,005 யார்டு ஓடினான். 2023 மார்ச்சில் இதே ஜயண்ட்ஸ் டேனியல் ஜோன்ஸுக்கு நாலு வருஷம் 160 மில்லியன் கொடுத்தது, ஒரே ஒரு நல்ல சீசனையும் மினசோட்டாவில் ஒரு பிளேஆஃப் வெற்றியையும் பார்த்துவிட்டு. 2024 நவம்பரில் அவனையும் அனுப்பிவிட்டார்கள். குவார்ட்டர்பேக் என்ற பெயர் இருந்தால் போதும், இங்கே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். நீ இப்போது கேட்பதும் அதே அவசரம்தான்.

ஷெடூர் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லவில்லை. 74 சதவீதம் பாஸ் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, 37 டச்டவுன். அவனுடைய அப்பா பழைய ஃபுட்பால் நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் என்பதால் கேமராவுக்குப் பயப்படாத பிள்ளை, நியூயார்க் பத்திரிகைக்காரர்களை ஊதித் தள்ளிவிடுவான். ஆனால் கொலராடோவில் இரண்டு சீசனில் 94 முறை சாக் ஆகியிருக்கிறான், அதாவது பந்தை எறிவதற்குள் எதிராளிகள் அவனைக் கீழே தள்ளிவிட்டார்கள். அதில் பாதிக்கு அவனை முன்னால் நின்று காக்கிற லைன் காரணம், மீதி அவன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் ஓடுவதால். இப்போது ஜயண்ட்ஸ் லைனை நினைத்துப் பார். 2023-ல் ஒரே சீசனில் 85 சாக் கொடுத்த லைன் அது. போன அக்டோபரில் அதில் நிற்கிற ஆண்ட்ரூ தாமஸுக்குக் காலில் அடிபட்டதும் மறுபடி சரிந்தது. அந்த லைனுக்குப் பின்னால் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் எலும்பு தேறுமா?

இந்த வருஷ குவார்ட்டர்பேக்குகளில் எனக்குப் பிடித்தவன் கேம் வார்ட். பெரிய கல்லூரி எதுவும் சீண்டாத பையன். இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் போய், மயாமியில் 39 டச்டவுன் போட்டான். ஆள் மேலே விழும்போதுகூட கையை எந்தக் கோணத்திலும் வளைத்து எறிகிறான். ஆனால் டிராஃப்ட் வரிசையில் டென்னஸியும் கிளீவ்லாந்தும் நமக்கு முன்னால் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் குவார்ட்டர்பேக் தேவை. டிசம்பர் கடைசியில் கோல்ட்ஸை 45-33 என்று ஜெயித்தோமே, ட்ரூ லாக் நாலு டச்டவுன் எறிந்தானே, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்கு முதல் இடத்தையே விலையாகக் கொடுத்தோம். உன் அப்பா அன்றைக்குக் கேசரி கிளறச் சொன்னார், கிளறினேன்.

ஆகவே மூன்றாவது இடத்தில் அப்துல் கார்ட்டரோ டிராவிஸ் ஹண்டரோ மிஞ்சினால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். கார்ட்டர் பென் ஸ்டேட்டில் எதிராளி குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற வேகம் பயமாக இருக்கிறது. ஹண்டர் தாக்குதல், தடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவன். பந்து எறிய இப்போதைக்கு அனுபவசாலி ஒருவரை ஒரு வருஷத்துக்கு அமர்த்திக்கொள்ளட்டும். இன்னொரு குவார்ட்டர்பேக் ஜாக்ஸன் டார்ட் இந்த வாரம் அலபாமாவில் மொபைல் என்கிற ஊரில், கல்லூரி முடிக்கிறவர்கள் ஆடுகிற சீனியர் பௌல் பயிற்சியில் இருக்கிறான். அவன் முதல் சுற்றுக் கடைசிவரை இருந்தால் அப்போது யோசிக்கலாம். உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்கிற இடமாவது அவனுக்குக் கிடைக்கும்.

சாம் டார்னால்டை மறந்துவிட்டாயா? 2018-ல் நம் ஊரின் இன்னொரு ஃபுட்பால் அணி ஜெட்ஸ் மூன்றாவது இடத்தில் எடுத்த பிள்ளை. மூன்று வருஷத்தில் கசக்கிப் பிழிந்து வெளியே போட்டுவிட்டு, 2021-ல் ஸாக் வில்சனை எடுத்து அவனையும் அதே மாதிரி செய்தார்கள். டார்னால்ட் இந்த சீசனில் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்து 35 டச்டவுன் எறிந்தான். அதே கை, அதே பையன், வீடுதான் வேறு. உங்கள் ராம்ஸ் அரிசோனாவில் அவனை ஒன்பது முறை கீழே தள்ளியதும் எனக்குத் தெரியும், அதை எடுத்துக்கொண்டு வராதே. லைன் சரிந்தால் யாராக இருந்தாலும் அதுதான் கதி என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்த மாதக் கடைசியில் இண்டியானாபோலிஸில் டிராஃப்டுக்கு நிற்கிற பிள்ளைகளைச் சோதிக்கும்போது கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை கையை விரிக்கச் சொல்லி ஸ்கேல் வைத்து அளப்பார்கள். நம் ஊரில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான், பத்தில் எட்டு பொருந்தினாலும் குடித்தனம் நடத்தப்போவது ஜாதகம் இல்லை. குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்குக் கை ஒன்பது அங்குலம்தான், சிறிசு என்றார்கள். இந்த சீசனில் அவனைவிட அதிக யார்டு எறிந்தவன் கிடையாது. எட்டரை அங்குலக் கையோடு வந்த கென்னி பிக்கெட்டைப் பிட்ஸ்பர்க் முதல் சுற்றில் எடுத்தது, இரண்டே வருஷத்தில் விட்டுவிட்டது. அவன் இப்போது ஈகிள்ஸில் மாற்று ஆளாகச் சூப்பர் பௌலுக்குப் போகிறான். இந்த அளவுகளை வைத்து என்ன முடிவுக்கு வருவாய்?

போன வருஷ டிராஃப்டில் முதல் 12 இடத்துக்குள் ஆறு குவார்ட்டர்பேக் போனார்கள். ஜேடன் டேனியல்ஸ் வாஷிங்டனைத் தூக்கி நிறுத்தினான், கேலப் வில்லியம்ஸ் சிகாகோவில் 68 முறை சாக் ஆனான், மெக்கார்த்தி முட்டி போய் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஆறாவது இடத்தில் நாம் எடுத்த, பந்து பிடிக்கிற மலிக் நேபர்ஸ் ஒருவன்தான் இந்த வருஷம் நம் வீட்டில் டிவி போடுவதற்குக் காரணமாக இருந்தான். அப்பா இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறார்: ஆர்ச் மேனிங் வரும்வரை காத்திருக்கலாம். ஜயண்ட்ஸின் பழைய குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கின் அண்ணன் மகன் என்பதைத் தவிர வேறு காரணம் கேட்காதே. பையன் டெக்சாஸில் இன்னும் ஒரு முழு சீசன்கூட ஆடவில்லை.

பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் பார்சலில் போட்டிருக்கிறேன், ஊறுகாய் பாட்டிலைத் தனியாகச் சுற்றியிருக்கிறேன். ஜூன் 2-ம் தேதி மெட்ஸ் அங்கே ஆட வருகிறது. டாட்ஜர் ஸ்டேடியத்தில் மூன்றாவது பேஸ் பக்கம் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து மூன்று டிக்கெட் எடு, காசை அப்பா அனுப்புவார். அன்றைக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவேன் என்று பயமுறுத்துகிறாயே, தாராளமாகப் போடு. அந்த நீலமே புரூக்ளினை விட்டு ஓடிப்போன உங்கள் டாட்ஜர்ஸிடமிருந்து எங்கள் மெட்ஸ் எடுத்துக்கொண்டதுதான். ஆரஞ்சு எழுத்து மட்டும் இருக்கட்டும்.

அன்புடன்
அம்மா