குழிநரி ஆய்வுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

மணலில் குழி அமைத்து, அதில் சரிந்து விழும் எறும்புகளைப் பிடித்துண்ணும் குழிநரிப் புழுக்களின் நடத்தையை உற்றுநோக்கும் எங்கள் சிறு ஆய்வு நிறைவு பெற்றிருக்கிறது. அதற்குக் கைகொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, தம் வீட்டுத் தாழ்வாரத்தின் ஓரத்தை இத்தனை மாதங்கள் பெருக்காமல் விட்டுவைத்த குடும்பத்தாருக்கு உரியது. மழைச்சாரல் எட்டாத, உலர்ந்த பொடிமணலில்தான் இப்புழு குழி அமைக்கும். ஈரமணல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் எறும்பின் காலடியில் அது சரியாது. நீங்கள் காத்துத் தந்த அந்த ஒரு முழ இடம் இல்லையெனில் ஆய்வே இல்லை.

மணலைப் பருமன்வாரியாகச் சலித்துத் தந்த மாணவர்களை நெகிழ்வோடு நினைக்கிறேன். புழு பின்னோக்கியே நகர்ந்து, முதலில் ஒரு வட்டம் கீறி, பின்னர் சுருள்சுருளாக நடுவை நோக்கி இறங்கிக்கொண்டே தலையால் மணலை வெளியே வீசுவதையும், பருமணிகள் வெளியேறி நுண்மணிகள் சரிவில் தங்குவதையும் நாம் தெளிவாகக் காண முடிந்தது உங்கள் உழைப்பினால்தான்.

மெதுவோட்டக் காணொளி எடுத்துத் தந்த நண்பருக்கு நான் பட்ட கடன் பெரிது. தப்பி ஏறும் எறும்பைக் குறிவைத்துத்தான் புழு மணலை எறிகிறது என்று நான் உறுதியாக எழுதி வைத்திருந்தேன். எறியப்பட்ட மணல் எறும்பின்மேல் படாதபோதும், சரிவின் அடிப்பகுதி பறிக்கப்படுவதால் மேலுள்ள மணல் வழுக்கி எறும்பையும் கீழே கொண்டுவருவதை அவர் படங்கள் காட்டின. அந்தப் பக்கத்தை முழுவதும் அடித்துத் திருத்தி எழுதினேன். ஆய்வில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த நாள் அது.

கையில் எடுத்ததும் அசைவற்றுப் போன புழுவை இறந்ததென்று நான் ஒதுக்கியபோது, சற்றுப் பொறுக்கும்படி சொன்ன ஆசிரியர் அவர்களுக்கு என் வணக்கம். அது தன்னைக் காத்துக்கொள்ளப் பூண்ட அசைவின்மை என்பதைச் சிறிது நேரத்தில் அப்புழுவே மணலுக்குள் புதைந்து காட்டியது.

மணல் ஒட்டிய உருண்டைப் பட்டுக்கூடுகளின் அருகே இரவெல்லாம் விழித்திருந்த இருவருக்கும் தனி நன்றி. புழுப்பருவம் முழுவதும் வெளியேறாமல் உடலுக்குள் சேர்ந்திருந்த திடக்கழிவைப் புதிதாகச் சிறகு பெற்ற பூச்சி வெளியேற்றியதை நீங்கள் குறித்து வைத்தீர்கள். அப்பூச்சி ஊசித்தட்டானைப் போலத் தோன்றினாலும், அதன் உணர்கொம்புகள் நுனியில் தடித்திருந்ததைக் கண்டு, அது தட்டானன்று என உடனே எழுதியவர்களும் நீங்களே.

எஞ்சிய புழுக்கள் அனைத்தையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டோம். இன்று காலை அத்தாழ்வாரத்தின் ஓரத்தில் புதிய குழிகள் தோன்றியிருக்கின்றன.

நன்றியுடன்,
குழிநரி ஆய்வுக் குழுவினர் சார்பில்